ஃப்ரீலான்சர் என்று சொல்லிவிட்டால் போதுமா?

தம்பி, பட்டர்வொர்த் வீட்டிலிருந்து போனில் விற்பனை, வாரம் ஆறு நாள், காலை 9 முதல் இரவு 7 வரை கேமராவை அணைக்கக்கூடாது, கமிஷன் மட்டும்தான், இபிஎஃப் (ஊழியர் சேமநிதி) கேட்டால் ‘நீ ஃப்ரீலான்சர்’ என்கிறார்கள் என்று எழுதியிருந்தீர்கள். நல்ல ஃப்ரீலான்சர்தான், கழிப்பறைக்குப் போகவும் அனுமதி கேட்கும் ஃப்ரீலான்சர்!

முதலில், ஏதாவது கையெழுத்துப் போட்டீர்களா? மலேசியாவின் 1955 வேலைச் சட்டத்தில் 2023 ஜனவரி முதல் 101சி என்ற பிரிவு இருக்கிறது. எழுத்தில் வேலை ஒப்பந்தம் இல்லாவிட்டாலும், உங்கள் நேரத்தையும் வேலை செய்யும் விதத்தையும் இன்னொருவர் கட்டுப்படுத்தினால் உங்களை ஊழியர் என்றே எடுத்துக்கொள்வார்கள். இல்லையென்று நிரூபிப்பது கம்பெனியின் பாடு. ஊழியர் என்றால் வாரத்துக்கு 45 மணி நேரம்தான். கமிஷனுக்கும் இபிஎஃப் கட்ட வேண்டும், அப்புறம் சொக்சோவும் (ஊழியர் சமூகப் பாதுகாப்பு) உண்டு.

நான் பிரிக்ஃபீல்ட்ஸில் ஒரு வாடகை அறையில் உட்கார்ந்து இதே வேலை பார்த்தவன். ‘மணி 9.07, ஏன் லேட்?’ என்று மேனேஜர் அனுப்பிய வாட்ஸ்அப்பைத்தான் தொழிலாளர் இலாகா அதிகாரி முதலில் கேட்டு வாங்கினார். அந்த மாதிரி மெசேஜ்களையும் கமிஷன் வந்த வங்கிக் கணக்கறிக்கையையும் சொந்த போனில் சேர்த்து வையுங்கள். ராஜினாமாவெல்லாம் அதற்கப்புறம். கடிதம் கொடுத்த அன்றே குரூப்பிலிருந்து தூக்கிவிடுவார்கள்.