வண்டி புதிது, கை பழையது: நுகர்வோர் கேள்வி-பதில்

இம்முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் புதிதாக வாங்கிய சொகுசு எஸ்யூவியைப் பற்றியவை. வண்டி நன்றாக ஓடுகிறது, ஆனால் அது செய்வது பலவும் ஏன் என்று வாங்கியவருக்கே விளங்கவில்லை. இடம் கருதிக் கடிதங்களைச் சுருக்கியிருக்கிறேன், கோபத்தைச் சுருக்கவில்லை.

கேள்வி: வண்டி வாங்கி மூன்று வாரம் ஆகிறது. தடம் மாறப் போனால் ஸ்டீயரிங் எதிர்ப்பக்கம் இழுக்கிறது, ஒலியும் எழுப்புகிறது. அதை அணைத்து வைத்தாலும் மறுநாள் காலையில் மறுபடி வந்துவிடுகிறது. இது உற்பத்திக் குறைபாடுதானே? மாற்று வண்டி கேட்கலாமா?

பதில்: குறைபாடு வண்டியில் இல்லை. நீங்கள் இண்டிகேட்டர் போடாமல் தடம் மாறுகிறீர்கள். முன்கண்ணாடியின் உச்சியில் இருக்கும் கேமரா சாலைக் கோடுகளைப் பார்த்துக்கொண்டே வருகிறது. இண்டிகேட்டர் இல்லாமல் சக்கரம் கோட்டை நெருங்கினால், ஓட்டுபவர் கண் அயர்ந்துவிட்டார் என்று எடுத்துக்கொண்டு வண்டியை உள்ளே இழுக்கிறது. இண்டிகேட்டரைத் தட்டிவிட்டுத் திருப்பிப் பாருங்கள், பேசாமல் விட்டுவிடும். மறுநாள் அது தானே உயிர் பெறுவதற்கும் காரணம் உண்டு. ஐரோப்பிய ஒன்றியத்தில் 2022 ஜூலை முதல் புதிதாக ஒப்புதல் பெறும் மாடல்களுக்கும், 2024 ஜூலை முதல் விற்பனையாகும் எல்லாப் புதிய கார்களுக்கும் இத்தகைய அவசரத் தடக்காப்பு கட்டாயம். வண்டியை ஒவ்வொரு முறை இயக்கும்போதும் அது தானாகச் செயலுக்கு வந்துவிட வேண்டும் என்பதும் விதி. பல நாடுகளில் விற்கும் வண்டிகளில் அதே பழக்கம் மற்ற இடங்களுக்கும் வந்துவிடுவது உண்டு. சாலைப் பணி நடக்கும் இடத்தில், பழைய கோடும் தற்காலிகக் கோடும் ஒன்றன்மேல் ஒன்று கிடக்கும்போது மட்டும் அதை அணைத்துவையுங்கள். இன்னொன்று: என்றாவது முன்கண்ணாடியை மாற்ற நேர்ந்தால், கேமராவை மறுபடி அளவு திருத்தினார்களா என்று கேட்டு, அதை ரசீதில் எழுதி வாங்குங்கள்.

கேள்வி: சிக்னலில் நின்ற பிறகு பிரேக்கிலிருந்து காலை எடுத்தாலும் வண்டி நகர்வதில்லை. கியர்பெட்டியில் கோளாறா?

பதில்: நின்ற வண்டியைத் தானே பிரேக் பிடித்து நிறுத்திவைக்கும் ஆட்டோ ஹோல்ட் வசதியைப் போட்டிருக்கிறீர்கள், ஆக்சிலரேட்டரைத் தொட்டால் நகரும். அதை நம்பி வண்டியை விட்டு இறங்காதீர்கள். இறங்குவதற்கு முன் கியர் பார்க்கில் இருக்க வேண்டும், பார்க்கிங் பிரேக்கும் விழுந்திருக்க வேண்டும்.

கேள்வி: பழைய வண்டியில் ஏசியைக் கையால் தடவியே குறைத்துவிடுவேன். இதில் எல்லாமே திரைக்குள் இருக்கின்றன. போன வாரம் மழையில் பின்கண்ணாடி மங்கிப்போக, அதற்கான குறியைத் திரையில் தேடிக்கொண்டிருந்ததில் முன்னால் நின்ற வண்டியை இடிக்க இருந்தேன். எனக்கு 62 வயது. எனக்குத்தான் வயதாகிவிட்டதா?

பதில்: இல்லை ஐயா. உங்கள் கை சரியாக இருக்கிறது, அது தேடிய திருகைத்தான் காணோம்.

இந்தப் பகுதியைத் தொடர்ந்து படிப்பவர்களுக்கு இதில் என் மனத்தாங்கல் தெரியும். தெரியாதவர்கள் கொஞ்சம் பொறுத்துக்கொள்ள வேண்டும். திருகும் பொத்தானும் கண்ணுக்காக வைக்கப்பட்டவை அல்ல, விரலுக்காக வைக்கப்பட்டவை. திருகின் விளிம்பில் உள்ள வரிகளை விரல் உணரும், ஒவ்வொரு படி திரும்பும்போதும் கிளிக் என்று கைக்குள் ஒரு சிறு அதிர்வு வரும், மூன்று கிளிக் குறைத்தோம் என்பது சாலையிலிருந்து கண்ணை எடுக்காமலே தெரிந்துவிடும். கண்ணாடித் திரையில் ஏசியும் வழவழப்பு, வானொலியும் வழவழப்பு. விரல் எங்கே இருக்கிறது என்பதைக் கண் போய்ப் பார்த்தாக வேண்டும். பார்த்துத் தொடுவதற்குள் சாலையில் ஒரு குலுக்கல் வந்தால், குளிரைக் குறைக்கப் போனவர் வழிகாட்டியை நிறுத்தியிருப்பார்.

இது என் புலம்பல் மட்டும் அன்று. 2022 ஆம் ஆண்டில் ஸ்வீடனின் ‘வீ பிலாகரே’ என்ற கார் இதழ் ஒரு சோதனை நடத்தியது. மணிக்கு 110 கிலோமீட்டர் வேகத்தில் ஓட்டிக்கொண்டே, வெப்பநிலையை மாற்றுவது, வானொலி நிலையத்தைப் பிடிப்பது போன்ற நான்கு வேலைகளைச் செய்து முடிக்க வேண்டும். பொத்தான்கள் நிறைந்த 2005 ஆம் ஆண்டு வோல்வோ வி70 வண்டியில் நான்கையும் முடிக்க 10 விநாடி ஆயிற்று. அதற்குள் கார் சுமார் 300 மீட்டர் கடந்திருந்தது. கடைசி இடத்துக்கு வந்த எம்ஜி மார்வெல் ஆர் வண்டியில் 44.9 விநாடி, அதாவது ஏறத்தாழ 1,370 மீட்டர். ஓட்டுநர்களுக்கு அந்த வண்டிகளின் திரைகளைப் பழகிக்கொள்ள முன்கூட்டியே நேரம் தரப்பட்டிருந்தது என்பதை மறந்துவிடாதீர்கள். ஆகவே, பழகப் பழகச் சரியாகிவிடும் என்று ஷோரூமில் சொல்லும் ஆறுதல் முழு உண்மை அன்று. கார்களுக்குப் பாதுகாப்பு நட்சத்திரம் வழங்கும் யூரோ என்கேப் அமைப்பும் விழித்துக்கொண்டு, இண்டிகேட்டர், ஹார்ன், வைப்பர், அபாய விளக்கு, அவசர அழைப்பு ஆகியவற்றுக்குத் தனிப் பொத்தானோ தண்டோ இல்லாத வண்டிகளுக்கு 2026 முதல் மதிப்பெண்ணைக் குறைக்கிறது. அந்தப் பட்டியலில் ஏசி இல்லை என்பது என் வருத்தம்.

இனி உங்கள் வண்டிக்கு வருவோம். ஏசியை ஆட்டோவில் போட்டு 22 அல்லது 23 டிகிரியில் வைத்துவிட்டு, அதை மறந்துவிடுங்கள். மங்கல் அகற்றும் வேலையில் பாதியை அதுவே பார்த்துக்கொள்ளும். ஸ்டீயரிங்கில் நட்சத்திரக் குறியோடு ஒரு பொத்தான் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால், நமக்கு வேண்டிய வேலை ஒன்றை அதற்கு ஒதுக்கிக்கொள்ளலாம். பின்கண்ணாடி மங்கல் நீக்குவதை அதில் வைக்க முடிந்தால் வையுங்கள், முடியாவிட்டால் அதற்குரிய குரல் கட்டளையை வண்டி நிற்கும்போதே நான்கைந்து முறை சொல்லிப் பழகுங்கள். என் கதையையும் சொல்லிவிடுகிறேன். திரையைத் தொடவே வேண்டாம், காற்றில் விரலைச் சுழற்றினால் பாட்டின் ஒலி கூடும் என்ற வசதிக்குத் தனியாகப் பணம் கொடுத்தவன் நான். எனக்குக் கையை ஆட்டிப் பேசும் வழக்கம் உண்டு. பக்கத்து இருக்கையில் இருப்பவரோடு வாக்குவாதம் சூடு பிடிக்கும்போதெல்லாம் பாட்டும் சேர்ந்து அலறியது. இரண்டாவது வாரம் அதை அணைத்துவிட்டேன். கொடுத்த பணம் திரும்பவில்லை.

கேள்வி: சோதனை ஓட்டத்துக்குத் தந்த வண்டியில் 360 டிகிரி கேமராவும், காற்று வரும் இருக்கையும் இருந்தன. என் வண்டியில் பின்பக்கக் கேமரா மட்டும்தான். கேட்டால், “நீங்கள் ஓட்டியது வேறு வேரியன்ட், பார்த்துக் கையெழுத்துப் போட்டுத்தானே எடுத்தீர்கள்” என்கிறார்கள். சேமிப்பு முழுவதும் இதில் போய்விட்டது. ஏமாந்தது என் தவறா?

பதில்: உங்கள் தவறு அன்று. ஒரே மாடலில் வசதிகள் மிகுந்த உச்ச வேரியன்ட்டை ஓட்டக் கொடுத்துவிட்டு நடுத்தர வேரியன்ட்டின் விலையைச் சொல்லிக் கையெழுத்து வாங்குவது பழைய வித்தை. தெரிந்தே செய்பவர்கள் உண்டு. வண்டியைப் பெற்றுக்கொண்டேன் என்று நீங்கள் இட்ட கையெழுத்து, சொன்னதெல்லாம் வண்டியில் இருந்தது என்ற ஒப்புதல் ஆகாது என வாதிட உங்களுக்கு இடமிருக்கிறது.

முதலில் சாட்சியைச் சேருங்கள். முன்பதிவுப் படிவம், விலைப்பட்டியல், விற்பனையாளர் கைபேசியில் அனுப்பிய செய்திகள், நீங்கள் வாங்கிய நாளில் புழக்கத்தில் இருந்த விளக்கக் கையேடு ஆகிய நான்கும் முக்கியம். சோதனை ஓட்டத்தன்று உள்ளே உட்கார்ந்து படம் எடுத்திருந்தால் அது பொன்னான சாட்சி; திரையில் கேமராக் காட்சி தெரியும் ஒரு படமே போதும். பிறகு உங்கள் சாசி எண்ணைக் குறிப்பிட்டு, தொழிற்சாலையில் அந்த வண்டியில் பொருத்திய வசதிகளின் பட்டியலைத் தயாரிப்பு நிறுவனத்திடம் எழுத்தில் கேளுங்கள். ஷோரூமுக்குப் போய்ச் சத்தம் போடாதீர்கள், போட்ட சத்தத்துக்கு ரசீது கிடையாது. என்ன சொன்னார்கள், என்ன கிடைத்தது, வண்டியை மாற்றித் தர வேண்டுமா அல்லது விலை வேறுபாட்டைத் திருப்பித் தர வேண்டுமா என்பதை ஒரே பக்கத்தில் எழுதி, பதில் தர ஒரு நாளும் குறித்து, விற்பனையகத்துக்கும் தயாரிப்பு நிறுவனத்துக்கும் ஒருசேர அனுப்புங்கள். அந்த நாள் தாண்டினால் உங்கள் பகுதி நுகர்வோர் குறைதீர்ப்பு அமைப்பை நாடுங்கள். இடையில், “வெளியில் ஒரு கேமரா மாட்டித் தருகிறோம்” என்று சமாதானம் பேச வருவார்கள். வயரை வெட்டி ஒட்டுவதால் உத்தரவாதம் பாதிக்கப்படாது என்று தயாரிப்பாளரே எழுத்தில் தந்தால் ஒழிய அதற்குச் சம்மதிக்காதீர்கள்.

கேள்வி: நண்பர் வாங்கினார் என்று அதே உச்ச வேரியன்ட்டை நானும் வாங்கினேன். டெலிவரி அன்று அவசரத்தில் விளக்கம் எதுவும் கேட்கவில்லை. நான்கு மாதமாகியும் பாதிப் பொத்தான்கள் எதற்கென்றே தெரியவில்லை. கையேட்டைப் படிக்கும் பொறுமையும் இல்லை. சுருக்கமாக நீங்களே சொல்லிவிட முடியுமா?

பதில்: முடியாது. எந்த மாடல் என்றுகூட நீங்கள் எழுதவில்லை.

மாலை போட்டுப் படம் எடுக்க நேரம் இருந்தவருக்கு விளக்கம் கேட்க ஒரு மணி நேரம் இல்லாமல் போயிற்று என்றால், அந்த வசதிகளுக்குக் கொடுத்த பணத்தை ஷோரூமுக்கு அன்பளிப்பாகத் தந்ததாகக் கணக்கெழுதிக்கொள்ளலாம். இருந்தாலும் நான்கு மாதம் கழித்துக் கேட்பது ஒன்றும் குற்றமில்லை. ஷோரூமை அழைத்து, விளக்கத்துக்கென்றே ஒரு நேரம் வாங்கிக்கொண்டு போங்கள். ஓட்டுநர் இருக்கையில் நீங்கள் உட்காருங்கள், விளக்க வரும் ஷோரூம் ஊழியர் பக்கத்தில் உட்காரட்டும். அவர் செய்து காட்டினால் மறந்துவிடும், உங்கள் விரல் செய்தால் நிற்கும். முதலில் மின்சாவியின் பேட்டரி தீர்ந்தால் கதவைத் திறப்பதும் வண்டியை இயக்குவதும் எப்படி என்று கேளுங்கள், பிறகு டயர் பஞ்சரானால், வண்டியின் உயரத்தைக் காற்றால் ஏற்றி இறக்கும் ஏர் சஸ்பென்ஷனை எந்த நிலையில் வைத்து ஜாக்கி போடுவது என்று கேளுங்கள். மசாஜும் வண்ண விளக்கும் காத்திருக்கும்.

கேள்வி: தானாகத் திறக்கும் டிக்கிக் கதவு கார் நிறுத்துமிடத்தின் கூரையில் இடித்துப் பெயின்ட் உரிந்துவிட்டது. உத்தரவாதத்தில் வருமா?

பதில்: வராது. இனியாவது, கதவை வேண்டிய உயரத்தில் நிறுத்தி, அதன் விளிம்பில் உள்ள பொத்தானைச் சில விநாடி அழுத்திப் பிடியுங்கள். பெரும்பாலான வண்டிகள் அந்த உயரத்தை நினைவில் வைத்துக்கொள்ளும்.

கேள்வி: அடாப்டிவ் குரூஸ் கண்ட்ரோல் முன்வண்டியைப் பார்த்துத் தானே வேகத்தைக் கூட்டிக் குறைக்கிறது, ஸ்டீயரிங்கும் தானே வளைகிறது. நெடுஞ்சாலையில் அப்போது கைபேசியில் செய்தி பார்க்கலாம் அல்லவா?

பதில்: கூடாது. இன்று விற்பனையில் இருக்கும் இத்தகைய வண்டிகளில் மிகப் பெரும்பாலானவை இரண்டாம் நிலை ஓட்டுநர் உதவியைச் சேர்ந்தவை. ஓட்டுநர் நீங்கள்தான், பொறுப்பும் உங்களுடையதுதான். நின்றுகொண்டிருக்கும் வண்டியை இது கவனிக்காமல் போகலாம் என்று பல நிறுவனங்களின் கையேடுகளே எச்சரிக்கின்றன. மணிக்கு 100 கிலோமீட்டரில் ஒரு விநாடிக்குக் கிட்டத்தட்ட 28 மீட்டர் கடக்கிறீர்கள். மூன்று விநாடி செய்தி படித்தால் 80 மீட்டருக்கு மேல் கண்ணை மூடிக்கொண்டு போனதற்குச் சமம். இப்படிக் கேட்டு எழுதியவர்கள் இம்மாதம் மூவர். மூவருக்கும் இதுவே பதில்.

கேள்வி: இரண்டு வயதான சொகுசு எஸ்யூவியை ஒருவரிடம் வாங்கினேன். வண்டி நேற்று எங்கே நின்றது என்பதை அவர் பேச்சுவாக்கில் சொன்னபோது தூக்கிவாரிப்போட்டது. அவர் கைபேசிச் செயலியில் இன்னும் என் வண்டி தெரிகிறதாம்.

பதில்: அவர் கெட்டவராக இல்லாமல் இருக்கலாம், ஆனால் சில வண்டிகளில் அதே செயலியால் கதவையும் திறக்க முடியும். இன்றே அவர் தம் கணக்கிலிருந்து வண்டியை நீக்க வேண்டும். அவர் தட்டிக்கழித்தால், உரிமை மாற்றச் சான்றோடு நிறுவனத்தின் வாடிக்கையாளர் மையத்தில் சொல்லி நீக்கச் செய்யுங்கள். பிறகு வண்டித் திரையில் எல்லா அமைப்புகளையும் தொழிற்சாலை நிலைக்குத் திருப்பி, உங்கள் பெயரில் புதுக் கணக்குத் தொடங்குங்கள். எத்தனை சாவிகள் பதிவாகியிருக்கின்றன என்பதைச் சர்வீஸ் நிலையத்தில் பார்க்கச் சொல்லி, உங்கள் கையில் இல்லாத சாவியைச் செயலிழக்கச் செய்துவிடுங்கள்.

கேள்வி: 22 அங்குலச் சக்கரம் அழகாக இருக்கிறதே என்று கூடுதல் பணம் கொடுத்துப் போட்டேன். சொகுசு வண்டியில் கட்டைவண்டி போல் ஆட்டம். பழகிவிடுமா?

பதில்: பழகாது. வண்டிக்கென்று விதித்த மொத்த உயரத்துக்குள் ரிம் பெரிதாகப் பெரிதாக, அதைச் சுற்றிய ரப்பர் மெலிகிறது. பள்ளத்தின் அடியை வாங்கிக்கொள்ள வேண்டிய காற்றும் ரப்பரும் குறைந்துபோனால் அந்த அடி ரிம்முக்கும் உங்கள் முதுகுக்கும்தான் வரும். குறைந்தபட்சம், டயர் சூடாகாத காலை நேரத்தில் கதவுச் சட்டத்தில் ஒட்டியிருக்கும் பட்டியலைப் பார்த்துக் காற்றழுத்தத்தைச் சரிபாருங்கள். கூடுதலாக அடித்துக் கொடுத்திருந்தால், அதைப் பட்டியலில் உள்ள அளவுக்கு இறக்கியதும் ஆட்டத்தில் கொஞ்சம் குறையும். முழுத் தீர்வு வேண்டுமானால், அதே வண்டிக்கு நிறுவனம் அனுமதித்துள்ள சிறிய ரிம்முக்கு இறங்குங்கள். பிரேக்கின் மேல் அது உட்காருமா என்பதை உறுதிசெய்துகொண்டு வாங்குங்கள்.

அழகுக்கு மயங்கி நானும் ஒருமுறை இதையே செய்தேன். முதல் மழைக்காலத்தில் தண்ணீர் மூடிய பள்ளம் ஒன்று இரண்டு ரிம்களை வளைத்து, இரண்டு டயர்களையும் பக்கவாட்டில் கிழித்துவிட்டது. அந்த ரிம்கள் இன்னும் என் வீட்டுச் சுவரில் சாய்ந்தபடி இருக்கின்றன. பழைய இரும்புக்குக்கூட யாரும் கேட்டு வரவில்லை, ஏனென்றால் அவை இரும்பே இல்லை.