கேள்வி – பதில்: போர் விமானப் பராமரிப்பு தனியார் கையில்

ரஃபேல் போர் விமானங்களை இந்தியா வாங்கியபோது ‘75 சதவீதம் தயார் நிலை’ என்றார்களே, அது என்ன கணக்கு? (வாசகர், ஆவடி)

2016 செப்டம்பரில் 36 விமானங்களுக்கு ஒப்பந்தம் கையெழுத்தானபோது, ஐந்தாண்டுப் பராமரிப்பும் அதிலேயே சேர்க்கப்பட்டது. 75 சதவீத விமானங்கள், அதாவது 36க்கு 27, எப்போதும் பறக்கத் தயாராக இருக்க வேண்டும். அதற்கான உதிரிபாகங்களுக்கும் பழுதுபார்ப்புக்கும் உற்பத்தியாளர் பொறுப்பு. பாகத்துக்கு இவ்வளவு என்று பணம் கொடுக்கும் பழைய முறையில், அடிக்கடி பழுதானால் விற்பவருக்கு லாபம், இதில் நஷ்டம்.

இத்தகைய ஒப்பந்தங்களில் தகராறு வருவது வகுக்கும் எண்ணில். ஒரு பேச்சுக்கு, 36இல் 24தான் தயார் என்றால் 67 சதவீதம். பெரிய பராமரிப்புக்காக மாதக்கணக்கில் நிற்கும் 4 விமானங்களைக் கணக்கிலிருந்து எடுத்துவிட்டால் 32க்கு 24, சரியாக 75! ஒரு விமானம்கூடக் கூடுதலாகப் பறக்காது, 75க்குக் குறைந்ததற்காக நிறுவனம் கட்ட வேண்டிய அபராதம் மட்டும் இல்லாமல் போய்விடும். பறவை மோதிய சேதம் யார் செலவு, ஒன்றில் கழற்றிய பாகத்தை இன்னொன்றில் மாட்டினால் எது பழுது, சொன்ன மணி நேரத்தைவிடக் கூடுதலாகப் பறந்தால் என்ன விலை என்பதையும் முன்பே எழுதிக்கொள்ள வேண்டும்.

சண்டை நடக்கும் இடத்துக்கு நிறுவன ஊழியர்கள் வருவார்களா? (வாசகர், கோவை)

வருவதுண்டு. ஆனால் அவர்கள் இல்லாவிட்டாலும் விமானத் தளத்தில் செய்யும் அன்றாடப் பராமரிப்பு வேலையைப் படையினரே செய்யத் தெரிந்திருக்க வேண்டும். ஆப்கானிஸ்தான் விமானப்படை பிளாக் ஹாக் ஹெலிகாப்டர்களைப் பராமரிக்க அமெரிக்க ஒப்பந்தக்காரர்களையே நம்பியிருந்தது. 2021இல் அவர்கள் வெளியேறியதும் பழுதானவற்றைச் சரிசெய்ய ஆளில்லை.

அமெரிக்காவின் எஃப்-35 போர் விமானத்துக்கு என்ன சிக்கல்? (வாசகர், திருச்சி)

பராமரிப்பில் பெரும்பகுதி ஒப்பந்தக்காரர்கள் கையில் இருக்கிறது. 2023 மார்ச்சில் தயார் நிலை சுமார் 55 சதவீதம்தான் என்று அமெரிக்க அரசின் தணிக்கை அமைப்பு சொன்னது. பழுதுபார்ப்புக்குக் காத்திருந்த பாகங்கள் 10,000க்கு மேல். பணிமனைகள் அமைப்பதும் தாமதமானது. தாங்களே பழுதுபார்க்கலாம் என்றால், அதற்கு வேண்டிய தொழில்நுட்பத் தரவுகள் பலவும் படையிடம் இல்லை. வரைபடம், சோதனை முறை, மென்பொருள் உரிமை இவற்றுக்கெல்லாம் விமானம் வாங்கும்போதே, இரண்டு நிறுவனங்கள் போட்டியில் இருக்கும்போதே விலை பேசிவிட வேண்டும். கையெழுத்துக்குப் பிறகு விற்பவர் ஒருவர்தான். அவர் சொல்வதுதான் விலை.