புகைபிடிக்காத அம்மாவுக்கு ஏன் ஊதும் பரிசோதனை?

கேள்வி: மதிப்பிற்குரிய டாக்டர் அவர்களுக்கு, சாயல்குடிக்குப் பக்கத்தில் கடலோரக் கிராமம் எங்களுடையது. அம்மாவுக்கு 58 வயது. பீடி, சுருட்டு எதுவும் தொட்டதில்லை. இளம் வயதிலிருந்தே பதநீர் காய்ச்சிக் கருப்பட்டி போட்டவர். பருவம் இல்லாத மாதங்களில் கரிமூட்டத்தில் கூலி வேலை. மூன்று ஆண்டுகளாக இருமலும் கோழையும் இருக்கின்றன. இப்போது தண்ணீர்க் குடம் தூக்கி வந்தாலே மூச்சு வாங்குகிறது. இளைப்பு அதிகமாகும்போது ஊசி போட்டு மாத்திரை வாங்கி வருவோம், இரண்டு நாளில் தேறிவிடுவார். எக்ஸ்ரே நன்றாக இருக்கிறது என்றார்கள். சளிப் பரிசோதனையில் காசநோய் இல்லை. இப்போது எங்கள் ஊர்க் கிளினிக் டாக்டர், தன்னிடம் ஒரு சிறிய கருவி இருப்பதாகவும் அதில் அம்மா ஊதிப் பார்க்க வேண்டும் என்றும் சொல்கிறார். எக்ஸ்ரே சரியாக இருக்கும்போது இது எதற்கு? சின்ன கிளினிக்கில் செய்வதை நம்பலாமா, மதுரைக்கே போய்விடலாமா? அம்மாவுக்குக் கண்புரை அறுவை சிகிச்சை நடந்து இரண்டு மாதம் ஆகிறது. பலமாக ஊதினால் கண்ணுக்கு ஆபத்து வருமா?
– ஒரு வாசகி, சாயல்குடி வட்டாரம்

பதில்: அன்புள்ள வாசகிக்கு, உங்கள் அம்மாவுக்கு அந்தப் பரிசோதனை அவசியம் தேவை. இருமல் தொடங்கிய காலத்திலேயே செய்திருக்க வேண்டும். முறையாகச் செய்கிறார்கள் என்றால் உங்கள் ஊர்க் கிளினிக்கே போதும். நூறு கிலோமீட்டருக்கு மேல் பயணம் செய்து மதுரைக்குப் போக வேண்டியதில்லை. முறையாகச் செய்கிறார்களா என்பதை மருத்துவம் படிக்காதவர்களும் கண்டுகொள்ளலாம். அதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

முதலில் எக்ஸ்ரே பற்றி. காசநோய்த் தழும்பு, நிமோனியா, கட்டி, நெஞ்சில் நீர் கோத்திருப்பது, இதயம் பெருத்திருப்பது எல்லாம் அதில் தெரியும். மூச்சுக்குழாய் சுருங்கியிருப்பதும், உள்ளே இழுத்த காற்று எவ்வளவு வேகத்தில் வெளியே வருகிறது என்பதும் தெரியாது. கரையில் கட்டிக் கிடக்கும் விசைப்படகைப் படம் எடுத்து வைத்துக்கொண்டு, அதன் எஞ்சின் எப்படி இழுக்கும் என்று யாராலும் சொல்ல முடியாது. ஓட்டித்தான் பார்க்க வேண்டும். ஸ்பைரோமெட்ரி என்ற ஊதும் பரிசோதனை அந்த வேலையைச் செய்கிறது. சி.ஓ.பி.டி. என்று மருத்துவர்கள் சொல்லும் நாள்பட்ட மூச்சுக்குழாய் அடைப்பு நோய், நன்றாக முற்றும் வரை எக்ஸ்ரேயில் பிடிபடாமலே இருக்கலாம். ‘எக்ஸ்ரே நார்மல்’ என்ற ஒரு வார்த்தையை நம்பி ஆண்டுக்கணக்கில் மூச்சிரைத்துக்கொண்டே வேலை செய்யும் பெண்கள் இந்தக் கடற்கரை நெடுகிலும் இருக்கிறார்கள். அவர்களை நினைத்தால் எனக்கு மனம் ஆறுவதில்லை.

பீடி குடித்தவருக்குத்தான் நுரையீரல் கெடும் என்ற எண்ணம் மக்களிடம் மட்டுமில்லை, மருத்துவர்கள் சிலரிடமும் இருக்கிறது. விறகுப் புகையும் அதே கேட்டைச் செய்யும். புகைபிடிக்காத பெண்களுக்கு இந்த நோய் வருவதற்கு முக்கியமான காரணமே அடுப்புப் புகைதான். உங்கள் அம்மாவின் வாழ்க்கையைப் பாருங்கள். பதநீர் பாகாகித் திரளும் வரை மணிக்கணக்கில் அடுப்பை விட்டு நகர முடியாது. எரிப்பது பனை மட்டையும் சீமைக்கருவேல விறகும். காற்றுக்கு அடுப்பு அணையக் கூடாது என்று ஓலையால் மறைப்பும் கட்டிவிடுகிறார்கள். புகை அந்த மறைப்புக்குள்ளேயே சுற்றிக்கொண்டிருக்கும். பருவம் முடிந்தால் கரிமூட்டம். மூட்டம் என்பதே விறகை முழுதாக எரியவிடாமல் மண் பூசிப் புகைய வைப்பது. அதைப் பிரித்துக் கரி அள்ளும்போது தூசி வேறு. போதாததற்கு வீட்டில் சமையல். இத்தனைக்கும் பிறகு, எங்கள் மருத்துவச் சீட்டில் ‘புகைப் பழக்கம்: இல்லை’ என்று எழுதிவிட்டு மேலே போய்விடுகிறோம்.

மூச்சு வாங்குவதற்கு வேறு காரணங்களும் உண்டு. இந்தப் பகுதிப் பெண்களிடம் ரத்தசோகையை நிறையப் பார்க்கிறேன். இதயம் பலவீனமாக இருந்தாலும் இப்படித்தான் இரைக்கும். அதனால் ஹீமோகுளோபின், ரத்த அழுத்தம், இ.சி.ஜி. மூன்றையும் சேர்த்தே பார்த்துவிடச் சொல்லுங்கள். காசநோய் இல்லை என்று உறுதி செய்துவிட்டு ஊத வருவது நல்லது. அந்தக் கிருமி இருப்பவர் மூடிய அறைக்குள் பலமாக ஊதினால் பக்கத்தில் இருப்பவர்களுக்குத் தொற்றும். நீங்கள் சளிப் பரிசோதனையை முன்னதாகவே முடித்தது சரியான காரியம்.

பரிசோதனையில் வலி எதுவும் இல்லை. ஊசியும் கிடையாது. நாற்காலியில் நிமிர்ந்து உட்கார வைத்து, மூக்கில் ஒரு கிளிப் மாட்டி, குழாயை வாய்க்குள் வைத்து உதட்டால் இறுக மூடிக்கொள்ளச் சொல்வார்கள். நெஞ்சு நிறைய மூச்சை இழுத்து, ஒரே வீச்சில் ஊத வேண்டும். நிறுத்தாமல், இனிக் காற்றே இல்லை என்கிற வரைக்கும், குறைந்தது ஆறு விநாடியாவது ஊத வேண்டும். சொல்வதற்கு எளிதாக இருக்கிறது. செய்யும்போது பெரும்பாலோர் இரண்டாவது விநாடியிலேயே நிறுத்திவிடுவார்கள். அதனால்தான் பக்கத்தில் நிற்கும் நர்ஸ் ‘ஊதுங்க, ஊதுங்க, இன்னும் ஊதுங்க’ என்று குரல் கொடுத்துக்கொண்டே இருக்க வேண்டும். பரிசோதனையின் தரத்தில் பாதி அந்தக் குரலில் இருக்கிறது. பிறகு மூச்சுக்குழாயை விரிக்கும் சால்பியுட்டமால் மருந்தை நான்கு முறை உறிஞ்ச வைத்து, 15 நிமிடம் உட்காரச் சொல்லி, மறுபடியும் ஊதச் சொல்வார்கள். இந்த இரண்டாவது சுற்று இல்லாமல் சி.ஓ.பி.டி. என்று முடிவு கட்டக் கூடாது.

பெண்களுக்காக ஒன்று சொல்ல வேண்டும். இதை யாரும் வெளிப்படையாகச் சொல்வதில்லை. பிள்ளை பெற்ற பெண்கள் பலருக்கு, பலமாக ஊதும்போது சிறுநீர் கசியும். அந்தக் கூச்சத்திலேயே பாதி மூச்சில் நிறுத்திவிடுகிறார்கள். முடிவு தவறாகப் போய்விடுகிறது. ஊதுவதற்கு முன் கழிப்பறை போய்வரச் சொல்லுங்கள். ஊத வைப்பவர் பெண்ணாக இருந்தால் இன்னும் நல்லது. அம்மாவிடம் முன்கூட்டியே பேசி, இது பலருக்கும் நடப்பதுதான், வெட்கப்பட ஒன்றுமில்லை என்று சொல்லி அழைத்துப் போங்கள். இறுக்கமான ரவிக்கை வேண்டாம். வயிறு முட்டச் சாப்பிட வேண்டாம். அன்று காலையில் அடுப்படிப் பக்கம் அனுப்பாதீர்கள். சரியாகப் பொருந்துகிற பல்செட் என்றால் கழற்ற வேண்டியதில்லை. மூச்சுக்கு ஏதாவது மருந்து எடுத்துக்கொண்டிருந்தால் எத்தனை மணி நேரத்துக்கு முன் நிறுத்துவது என்று டாக்டரிடமே கேளுங்கள். நீங்களாக நிறுத்தாதீர்கள்.

கண் விஷயம். இரண்டு மாதம் ஆகிவிட்டது, புண் ஆறிவிட்டது என்று கண் மருத்துவர் சொல்லியிருந்தால் தயங்காமல் ஊதலாம். அறுவை சிகிச்சை முடிந்த முதல் சில நாட்களில்தான் கண்ணுக்குள் அழுத்தம் கூடும் என்ற கவலை. ஆனாலும் ஊதுவதற்கு முன் நர்ஸிடம் சொல்லிவிடுங்கள். சமீபத்தில் மாரடைப்போ பக்கவாதமோ வந்தவர்கள், நெஞ்சிலோ வயிற்றிலோ அறுவை சிகிச்சை செய்து நாலு வாரம் ஆகாதவர்கள், சளியில் ரத்தம் வருகிறவர்கள் ஆகியோரை மருத்துவர் யோசித்தே ஊத அனுமதிப்பார்.

இப்போது கிளினிக்கை நம்பலாமா என்ற கேள்விக்கு வருகிறேன். கருவி சின்னதா பெரியதா என்று பார்க்காதீர்கள். கையடக்கக் கருவிகளிலேயே நல்லவை இருக்கின்றன. யார் ஊத வைக்கிறார், எவ்வளவு நேரம் செலவிடுகிறார் என்று பாருங்கள். செருப்பைக் கழற்றச் சொல்லி உயரத்தை அளந்தார்களா, வாயால் கேட்டு எழுதிக்கொண்டார்களா? உயரம் தவறினால் அவரிடம் எதிர்பார்க்கும் காற்றின் அளவும் தவறிவிடும். வாய்க்குழாயும் வடிகட்டியும் உங்கள் கண் முன்னால் புதிதாகப் பிரித்தார்களா? கருவியை மூன்று லிட்டர் சிரிஞ்சு வைத்துச் சரிபார்க்கும் வழக்கம் உண்டா என்று பணிவாகக் கேளுங்கள். முறையாகச் செய்பவர் அந்தக் கேள்விக்கு மகிழ்ச்சியோடு பதில் சொல்வார். ஒரே ஒரு முறை ஊத வைத்து அனுப்பினால் அந்தத் தாளுக்கு மதிப்பில்லை. இருமல் குறுக்கிடாத நல்ல ஊதல்கள் குறைந்தது மூன்று வேண்டும். அவற்றில் சிறந்த இரண்டுக்கும் இடையே வித்தியாசம் 150 மில்லிலிட்டருக்குள் இருக்க வேண்டும். எட்டு முறை வரை முயலலாம், அதற்கு மேல் களைத்துவிடுவார்கள். எண்களோடு வரைபடத்தையும் கேட்டு வாங்குங்கள். இவ்வளவும் செய்ய அரை மணி நேரமாவது ஆகும். ஐந்து நிமிடத்தில் முடித்து அனுப்பினால் மட்டும் வேறு இடம் பாருங்கள்.

தாளில் இரண்டு எண்கள் முக்கியம். மொத்தம் வெளியேறிய காற்று ஒன்று, முதல் விநாடியில் வெளியேறியது மற்றொன்று. எடுத்துக்காட்டாக மொத்தம் 2 லிட்டர், முதல் விநாடியில் 1.1 லிட்டர் என்றால் விகிதம் 0.55. மருந்து உறிஞ்சிய பிறகும் விகிதம் 0.70க்குக் கீழேயே நின்றால், உங்கள் அம்மாவைப் போன்ற வரலாறு உள்ளவருக்கு அது சி.ஓ.பி.டி. என்றே சொல்ல வேண்டும். வயது ஏற ஏற இந்த விகிதம் தானாகவே கொஞ்சம் குறையும். ஆகவே 70 வயதைத் தாண்டியவர்களிடம் அந்த ஒரு எண்ணை மட்டும் வைத்து நோய் என்று பெயர் சூட்டக் கூடாது. மருந்துக்குப் பிறகு 1.1 லிட்டர் 1.4 லிட்டராக ஏறினால் ஆஸ்துமா பக்கம் சாய வேண்டும். இன்னொன்று, ஆஸ்துமா உள்ளவர் நன்றாக இருக்கும் நாளில் ஊதினால் எல்லாம் சரியாகவே காட்டலாம். அதனால் ஒரு முறை நார்மல் என்று வந்ததும் கோப்பை மூடிவிடக் கூடாது. ஊதும் வேகத்தை மட்டும் அளக்கும், விலை குறைந்த பீக் ஃப்ளோ மீட்டர் ஒன்றை வீட்டுக்குக் கொடுத்து, காலையும் மாலையும் இரண்டு வாரம் ஊதி எழுதி வரச் சொல்வது நல்ல வழி.

விகிதம் சரியாக இருந்து, மொத்தக் காற்றின் அளவே குறைந்திருந்தால் கதை வேறு. நுரையீரல் சுருங்கியோ தழும்பேறியோ இருக்கலாம். அதை உறுதி செய்ய வேறு பரிசோதனைகள் வேண்டும். அப்போது ராமநாதபுரம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கோ மதுரைக்கோ போவதில் பொருள் இருக்கிறது. எடுத்த எடுப்பில் மதுரை என்று சொன்னால் என்ன நடக்கும் என்று உங்களுக்கே தெரியும். ஒரு நாள் கூலி போகும், துணைக்கு ஒருவர் வர வேண்டும், ‘அடுத்த மாதம் பார்ப்போம்’ என்று தள்ளிப்போகும். மூன்று ஆண்டுகள் அப்படித்தான் ஓடியிருக்கும். பக்கத்தில் கிடைக்கிற பரிசோதனைதான் உண்மையில் நடக்கிற பரிசோதனை.

இதே காரணத்துக்காக, தொண்டி முதல் மூக்கையூர் வரை கிளினிக் நடத்தும் என் சக மருத்துவர்களிடமும் ஒரு வார்த்தை. வாரத்தில் ஒரு மதியத்தை இதற்கென்று ஒதுக்குங்கள். ஒரு நர்ஸை நன்றாகப் பயிற்றுவியுங்கள். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலத்தில் விசைப்படகுத் தொழிலாளர்கள் கரையில் இருப்பார்கள். அவர்களை வரவழைக்க அதுவே நேரம். கடலில் பாசி எடுக்கும் பெண் ‘முன்பு போல மூச்சுப் பிடித்து முங்க முடியவில்லை’ என்று சொன்னால் வயதாகிவிட்டது என்று அனுப்பிவிடாதீர்கள். அதே வேளையில் முகாம் போட்டு, எந்தத் தொல்லையும் இல்லாதவர்களையெல்லாம் வரிசையில் நிறுத்தி ஊத வைப்பதில் எனக்கு உடன்பாடில்லை. அறிகுறி உள்ளவர், புகையில் உழைத்தவர், பீடி பிடித்தவர், காசநோய் வந்து குணமானவர் என்று தேர்ந்து பரிசோதிப்பதே பயன் தரும்.

வாசகிக்கு மீண்டும். அந்த ஊசியும் மாத்திரையும் எனக்குக் கவலை தருகின்றன. இரண்டே நாளில் தேறிவிடுகிறார் என்றால் அவற்றில் ஸ்டீராய்டு இருக்க வாய்ப்பு அதிகம். நோய் திடீரென்று முற்றும்போது சில நாட்களுக்கு அது தேவைப்படலாம். என்ன நோய் என்றே தெரியாமல் அடிக்கடி போட்டுக்கொண்டால் சர்க்கரை ஏறும், எலும்பு தேயும், கண்புரையும் சீக்கிரம் வரும். அம்மாவின் கண்புரை வயதால் வந்ததாகவே இருக்கலாம். இருந்தாலும் பழைய மருந்துச் சீட்டுகளை எல்லாம் எடுத்துக்கொண்டு போய்க் காட்டுங்கள், சர்க்கரையையும் பார்த்துவிடுங்கள். இன்ஹேலர் எழுதிக்கொடுத்தால் பழக்கமாகிவிடும் என்று பயப்படாதீர்கள். ஒரு முறை உறிஞ்சும் சால்பியுட்டமால் 100 மைக்ரோகிராம். மாத்திரையில் இருப்பது 2 அல்லது 4 மில்லிகிராம், அதாவது 20 முதல் 40 மடங்கு. குறைந்த மருந்து, வேண்டிய இடத்துக்கு நேராகப் போகிறது. உறிஞ்சும் முறையை டாக்டர் முன்னால் ஒரு தடவை செய்து காட்டச் சொல்லுங்கள். வராவிட்டால் ஸ்பேசர் குழாய் வாங்கி இன்ஹேலரில் பொருத்திக்கொள்ளலாம்.

சி.ஓ.பி.டி. என்றால், சுருங்கிய குழாயைப் பழைய நிலைக்கு முழுதாகக் கொண்டுவர மருந்து இல்லை. மேலும் கெடும் வேகத்தைக் குறைக்க முடியும், அதற்குப் புகையை விட்டு விலகியாக வேண்டும். கரிமூட்ட வேலையை நிறுத்திவிடுங்கள், இதில் பேரம் பேச இடமில்லை. பதநீர் காய்ச்சுவதை வீட்டில் வேறொருவர் ஏற்றுக்கொள்ள முடிந்தால் ஏற்றுக்கொள்ளுங்கள். முடியாது என்றால் ஓலை மறைப்பை ஒரு பக்கமாவது திறந்துவிட்டு, காற்று முதுகில் படும்படி அம்மாவை உட்கார வையுங்கள். வாடைக் காற்று அடித்தால் ஒரு பக்கம், கச்சான் காற்று அடித்தால் மறுபக்கம் என்று இடம் மாற வேண்டும். அடுப்புக்குப் புகைபோக்கி வைக்கலாம். வீட்டுச் சமையலைக் கேஸ் அடுப்புக்கு மாற்றுங்கள். நோய் உறுதியானால் ஃப்ளூ தடுப்பூசி பற்றியும் கேளுங்கள். மெதுவாக நடக்கும் பழக்கத்தை விட வேண்டாம். மூச்சு வாங்குகிறது என்று முடங்கினால் கால் தசை இளைத்து இன்னும் அதிகமாக வாங்கும்.

பேச முடியாத அளவுக்கு இரைத்தாலோ, உதடு நீலம் பாரித்தாலோ, குழப்பமாகப் பேசினாலோ, சளியில் ரத்தம் வந்தாலோ, இந்தப் பரிசோதனைக்கெல்லாம் காத்திருக்காமல் உடனே 108ஐ அழையுங்கள்.

பரிசோதனைத் தாளை நெகிழி உறையில் போட்டுப் பத்திரப்படுத்துங்கள். முப்பது வயதுக்கு மேல் எல்லோருக்கும் முதல் விநாடிக் காற்று ஆண்டுக்குச் சுமார் 25 முதல் 30 மில்லிலிட்டர் குறையும். அம்மாவுக்கு அதைவிட வேகமாகக் குறைகிறதா என்பது அடுத்த ஆண்டு ஊதி, இந்தத் தாளோடு ஒப்பிட்டால்தான் தெரியும்.