ராத்திரி முழுக்க வெளியே இருந்த சாப்பாட்டைக் கொதிக்க வைத்துச் சாப்பிடலாமா?

கேள்வி: நேற்று ராத்திரி சமைத்த சோறும் கோழிக்கறியும் அடுப்பு மேலேயே இருந்துவிட்டன, ஃபிரிட்ஜில் எடுத்து வைக்க மறந்துவிட்டோம். காலையில் பார்த்தால் வாடை இல்லை, நுரை இல்லை, பார்க்க நன்றாகவே இருக்கிறது. பத்து நிமிஷம் கொதிக்க வைத்தால் கிருமியெல்லாம் செத்துவிடும் என்கிறார் மாமியார். கொட்டிவிடு என்கிறார் கணவர். யார் சொல்வது சரி? இன்னொன்று, வாங்கி வைத்த வேர்க்கடலையில் நாலைந்து பருப்பில் பூஞ்சை பிடித்திருக்கிறது. அதை மட்டும் பொறுக்கிப் போட்டுவிட்டு மீதியை வறுத்துச் சாப்பிடலாமா?

பதில்: கொட்டிவிடுங்கள், இரண்டையுமே. உங்கள் மாமியார் சொல்வதில் பாதி உண்மை இருக்கிறது. அந்தப் பாதியை நம்பித்தான் பலரும் நோயில் படுத்துக்கொள்கிறார்கள் என்பதால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

கொதித்தால் கிருமி சாகும், அதில் சந்தேகமே இல்லை. சால்மோனெல்லா, லிஸ்டீரியா, ஈ.கோலை மாதிரி ஆட்களெல்லாம் உணவின் நடுப்பகுதிவரை 70 டிகிரி செல்சியஸ் சூடு ஏறினாலே தாக்குப்பிடிக்க மாட்டார்கள், உலக சுகாதார நிறுவனம் சமையலுக்குச் சொல்லும் அளவும் அதுதான். ஆனால் கிருமி செத்ததா என்பதோடு விஷயம் முடிவதில்லை. சாவதற்கு முன்னால் அந்த ஏழெட்டு மணி நேரத்தில் அது உணவுக்குள் என்ன செய்து வைத்தது, செய்து வைத்தது சூட்டில் அழியுமா அழியாதா, இதைத்தான் பார்க்க வேண்டும். சில நச்சுகள் சூட்டில் சிதைந்துவிடும். சில நச்சுகளுக்குக் கொதிக்கிற தண்ணீர் ஒரு பொருட்டே இல்லை.

சோற்றை எடுத்துக்கொள்வோம். பேசில்லஸ் சீரியஸ் என்று ஒரு பாக்டீரியா இருக்கிறது, மண்ணில் வாழ்வது, அதனால் தானியங்களோடு ஒட்டிக்கொண்டு சமையலறைவரை வந்துவிடும். நிலைமை சரியில்லை என்றால் அது வித்தாக, அதாவது ஸ்போராக மாறி உறங்கிவிடும். அரிசி கொதிக்கும்போது மற்ற பாக்டீரியாக்கள் பெரும்பாலும் செத்துப்போகும், இந்த வித்துகள் சாகாது. அது மட்டுமல்ல, அந்தச் சூடே பல வித்துகளை உறக்கத்திலிருந்து எழுப்பிவிடுகிறது. சோறு மெல்ல ஆறி வெதுவெதுப்பாகிறது, ஈரம் இருக்கிறது, மாவுச்சத்து இருக்கிறது, போட்டிக்கு வேறு கிருமியும் இல்லை. வித்து முளைத்துப் பெருக ஆரம்பித்துவிடும். எல்லா வகையும் இல்லை, இதில் ஒரு சில வகைகள் பெருகும்போது சீரியூலைடு என்ற நச்சைச் சோற்றிலேயே சுரந்து வைக்கின்றன.

இந்த சீரியூலைடு இருக்கிறதே, பன்னிரண்டு துண்டுகள் வளையமாகக் கோத்த ஒரு சின்ன மூலக்கூறு. பெரிய புரதம் சூட்டில் குலைந்து உருவம் இழப்பதுபோல இது குலையாது. 121 டிகிரியில் ஒன்றரை மணி நேரம் வைத்தும் செயல் இழக்காமல் இருந்ததை ஆய்வகத்தில் பார்த்திருக்கிறார்கள், பிரஷர் குக்கர் எட்டும் சூடு ஏறக்குறைய அவ்வளவுதான். வயிற்று அமிலமும் அதை ஒன்றும் செய்வதில்லை. உயிரணுவுக்குள் ஆற்றல் தரும் மைட்டோகாண்ட்ரியாவைத்தான் அது குலைக்கிறது. இதைக் கண்டுபிடிக்க விஞ்ஞானிகள் பயன்படுத்திய சோதனைகளில் ஒன்று பன்றியின் விந்தணுக்களை வைத்துச் செய்வது: சந்தேகப்படும் உணவிலிருந்து எடுத்த சாற்றை அவற்றின் மேல் விட்டு மைக்ரோஸ்கோப்பில் பார்ப்பார்கள், சீரியூலைடு இருந்தால் நீந்திக்கொண்டிருந்தவை நின்றுவிடும். சாற்றைக் கொதிக்க வைத்துவிட்டு விட்டாலும் நிற்கும், அதுதான் இங்கே நமக்கு முக்கியம்.

சாப்பிட்ட அரை மணி நேரத்திலிருந்து ஆறு மணி நேரத்துக்குள் வாந்தி வரும், பெரும்பாலும் ஒரே நாளில் சரியாகிவிடும், அதனால்தான் 'ஏதோ ஒத்துக்கவில்லை' என்று விட்டுவிடுகிறார்கள். ஆனால் எப்போதும் அப்படி முடிவதில்லை. 2008இல் பெல்ஜியத்தில் 20 வயது மாணவர் ஒருவர், ஐந்து நாள் சமையலறையில் வெளியே கிடந்த பாஸ்தாவைச் சூடாக்கிச் சாப்பிட்டார், அன்று இரவே தூக்கத்தில் இறந்துபோனார். கல்லீரல் சேதமடைந்திருந்தது, பாஸ்தாவில் சீரியூலைடு இருந்தது. இது மிக அரிது. உங்களைப் பயமுறுத்தச் சொல்லவில்லை, திரும்பச் சூடாக்கியதால் அவருக்கு எந்தப் பாதுகாப்பும் கிடைக்கவில்லை என்பதற்காகச் சொல்கிறேன்.

அப்புறம் கோழிக்கறி. இங்கே மனிதர்களாகிய நாமே காரணமாக இருக்கலாம். ஏறக்குறைய மூன்று பேரில் ஒருவர் மூக்கில் ஸ்டஃபைலோகாக்கஸ் ஆரியஸ் என்ற பாக்டீரியா சும்மா குடியிருக்கிறது, விரலில் ஒரு சின்னப் புண் இருந்தால் அங்கேயும் இருக்கும். சமைத்து முடித்த பிறகு கை பட்டது, ருசி பார்த்த கரண்டி திரும்ப உள்ளே போனது, இப்படி உள்ளே வந்துவிடும். உணவு வெதுவெதுப்பாகக் கிடந்தால் பெருகி என்டரோடாக்சின் என்ற நச்சைச் சுரக்கும். காலையில் கொதிக்க வைத்தால் பாக்டீரியா செத்துவிடும், நச்சு பெரும்பாலும் அப்படியே இருக்கும்.

இதற்கு 2000ஆம் ஆண்டு ஜப்பானில் நடந்ததைவிடத் தெளிவான உதாரணம் எனக்குத் தெரியாது. மார்ச் கடைசியில் ஹொக்கைடோவில் ஸ்னோ பிராண்ட் நிறுவனத்தின் ஒரு தொழிற்சாலையில் மின்சாரம் நின்றுபோனது. பால் குளிர்விக்கப்படாமல் மணிக்கணக்கில் தேங்கியது, அதில் ஸ்டஃபைலோகாக்கஸ் பெருகியது. பிறகு அந்தப் பாலைச் சூடுபடுத்திப் பால் பவுடர் ஆக்கினார்கள், சூட்டில் பாக்டீரியா செத்தது. மாதக்கணக்கில் கழித்து ஒசாகாவில் அந்தப் பவுடரைக் கலந்து கொழுப்பு குறைந்த பால் தயாரித்தபோது 13,000க்கும் மேற்பட்டோர் வாந்தியும் வயிற்றுப்போக்குமாகப் படுத்தார்கள். பவுடரில் இருந்தது என்டரோடாக்சின் ஏ. பாதிக்கப்பட்ட ஒருவரின் உடலுக்குள் போன அளவு பெரும்பாலும் 20 முதல் 100 நானோகிராம்தான் என்று பிறகு கணக்கிட்டார்கள். ஒரு கிராமை நூறு கோடியாகப் பிரித்தால் ஒரு பங்குதான் ஒரு நானோகிராம். அந்த அளவை நாக்கும் மூக்கும் கண்டுபிடிக்கும் என்று நினைக்காதீர்கள்.

வாடை வரவில்லையே என்றீர்கள். வாடை, நுரை, கொழகொழப்பு எல்லாம் உணவைக் கெடுக்கும் நுண்ணுயிரிகளின் வேலை. நோய் தரும் கிருமிகள் பெரும்பாலும் வேறு கூட்டம், ருசியும் மணமும் மாறாமலே ஆபத்தான அளவுக்குப் பெருகும். வாடை வந்தால் சாப்பிடக் கூடாது என்பது சரி. வாடை இல்லாவிட்டால் சாப்பிடலாம் என்பது தவறு.

மாமியார் சொன்னது எங்கே பொருந்தும் என்பதையும் சொல்லிவிட வேண்டும். கிளாஸ்ட்ரிடியம் பெர்ஃபிரிஞ்சன்ஸ் என்று ஒன்று உண்டு, பெரிய பாத்திரத்தில் இறைச்சி மெல்ல ஆறும்போது வருவது, 45 டிகிரி பக்கத்தில் சுமார் பத்து நிமிஷத்துக்கு ஒருமுறை இரண்டு மடங்காகும். இது உயிரோடு வயிற்றுக்குள் போனால்தான் குடலில் நச்சைச் சுரக்கும். அதனால் நன்றாகக் கொதிக்க வைத்தால் இந்த ஆபத்து பெருமளவு போய்விடும். பாட்டுலிசம் என்ற, நரம்புகளை முடக்கும் நோயைத் தரும் கிளாஸ்ட்ரிடியம் பாட்டுலினம் இன்னொரு விதம்: அதன் நச்சு மிகக் கொடியது, ஆனால் 85 டிகிரியில் ஐந்து நிமிஷத்துக்கு மேல் வைத்தால் சிதைந்துவிடும். அதன் வித்துதான் சாகாது, அதற்கு 121 டிகிரி வேண்டும், டின்னில் அடைக்கும் உணவுகளை அந்தச் சூட்டுக்குக் கொண்டுபோவது இதற்காகவே. (ஒரு வயது ஆகாத குழந்தைக்குத் தேன் கொடுக்கக் கூடாது என்பதும் இந்த வித்துகளால்தான்.) ஆக, ஒன்றில் கிருமி சாகும், நச்சு இருக்கும். இன்னொன்றில் நச்சு அழியும், வித்து இருக்கும். உங்கள் பாத்திரத்தில் எது நடந்திருக்கிறது என்று வீட்டில் உட்கார்ந்து கண்டுபிடிக்க வழியே இல்லை. கொட்டுங்கள் என்று சொல்ல எனக்கு அதுதான் காரணம்.

சரி, வேர்க்கடலை. இங்கே நச்சு அஃப்ளாடாக்சின், அதைச் சுரப்பது ஆஸ்பர்ஜிலஸ் ஃப்ளேவஸ் என்ற பூஞ்சையும் அதன் உறவுகளும். 1960இல் இங்கிலாந்தில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட வான்கோழிகள் காரணம் தெரியாமல் செத்தன, தீவனத்தில் இருந்த வேர்க்கடலைப் பிண்ணாக்கைத் தோண்டிப் பார்த்தபோதுதான் இந்த நச்சே கண்டுபிடிக்கப்பட்டது. முழுவதும் சிதைய 230 டிகிரிக்கு மேல் சூடு வேண்டும். வறுத்தால் ஒரு பகுதி குறையும், போய்விடாது.

பொறுக்கி எடுத்தால் போதாதா என்பது நியாயமான கேள்விதான், ஏனென்றால் தொழிற்சாலைகளில் அஃப்ளாடாக்சினைக் குறைக்கும் பெரிய ஆயுதமே பொறுக்குவதுதான். நிறம் மாறியது, சுருங்கியது, உடைந்தது என்று மெஷின் ஒவ்வொரு பருப்பாகப் பார்த்துத் தள்ளும், பிறகு ஆய்வகத்தில் அளந்தும் பார்ப்பார்கள். இந்த நச்சு எல்லாப் பருப்பிலும் சமமாகப் பரவி இருப்பதில்லை, ஆயிரக்கணக்கான பருப்பில் ஒன்றிரண்டில் மட்டும் மிக அதிகமாகக் குவிந்திருக்கும், அதனால் பொறுக்குவது வேலை செய்கிறது. ஆனால் உங்கள் டப்பாவில் பூஞ்சை கண்ணுக்குத் தெரியும் அளவுக்கு வளர்ந்திருக்கிறது என்றால் மொத்தமும் ஈரம் பட்டிருக்கிறது என்று அர்த்தம், மேலே பச்சையாகத் தெரியாத பருப்புக்குள்ளேயும் பூஞ்சை இழைகள் இறங்கியிருக்கலாம், அளந்து பார்க்க உங்களிடம் கருவியும் இல்லை. மொத்தத்தையும் போட்டுவிடுங்கள். இனி வாங்கினால் கொஞ்சமாக வாங்கி, நன்றாகக் காய்ந்த டப்பாவில் இறுக மூடி வையுங்கள். கசக்கிற பருப்பு வாயில் பட்டால் விழுங்காமல் துப்பிவிடுங்கள்.

ஒருநாள் தெரியாமல் இரண்டு பருப்பு சாப்பிட்டுவிட்டோமே என்று கலங்க வேண்டாம். இதில் ஆபத்து பெரும்பாலும் வருஷக்கணக்கில் சிறிது சிறிதாகச் சேர்வது: கல்லீரல் புற்றுநோய். மனிதருக்குப் புற்றுநோய் தரும் என்று உறுதியான முதல் பிரிவில் சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு முகமை அஃப்ளாடாக்சினை வைத்திருக்கிறது, ஹெபடைட்டிஸ் பி தொற்று உள்ளவர்களுக்கு ஆபத்து பல மடங்கு கூடும். ஒரேயடியாக அதிகம் உள்ளே போனால் கதை வேறு. 2004இல் கென்யாவில் பூஞ்சை பிடித்த மக்காச்சோளம் சாப்பிட்டு 317 பேர் பாதிக்கப்பட்டு 125 பேர் இறந்தார்கள்.

இனி வீட்டில் செய்ய வேண்டியது. சமைத்த உணவு 5 டிகிரிக்கும் 60 டிகிரிக்கும் நடுவில் இருக்கும் நேரம்தான் கிருமிகளுக்குக் கொண்டாட்டம், அந்த நேரத்தைச் சுருக்குங்கள். இரண்டு மணி நேரத்துக்குள் ஃபிரிட்ஜுக்குள் போக வேண்டும், வெயில் கொளுத்தும் நாளில் ஒரு மணி நேரத்துக்குள். ஆறிய பிறகுதான் உள்ளே வைக்க வேண்டும் என்று ராத்திரி முழுக்கக் காத்திருக்காதீர்கள், வெதுவெதுப்பாக இருக்கும்போதே வைக்கலாம். ஆழமான பாத்திரத்தில் அப்படியே வைப்பதுதான் தப்பு. கெட்டியான உணவில் ஆழத்தைப் பாதியாக்கினால் நடுப்பகுதி ஆறும் நேரம் ஏறக்குறையக் கால்வாசியாகிவிடும், அதனால் சோற்றையும் கறியையும் அகலமான தட்டையான பாத்திரங்களில் நாலு விரற்கடைக்கு மேல் போகாமல் பரப்பி வையுங்கள். ஃபிரிட்ஜில் வைத்துவிட்டோம் என்று வாரக்கணக்கில் விட்டுவிடாதீர்கள், லிஸ்டீரியா அந்தக் குளிரிலும் மெல்ல வளரும். மூன்று நான்கு நாளுக்குள் முடித்துவிடுங்கள். கர்ப்பிணி வீட்டில் இருந்தால் இன்னும் கவனம், தாயைச் சாதாரணக் காய்ச்சல்போலத் தொட்டுவிட்டுக் கருவைக் கலைத்துவிடக்கூடியது லிஸ்டீரியா.

கொட்டுவதற்கு முன்னால் யாராவது சாப்பிட்டுவிட்டார்களா? வலிந்து வாந்தி எடுக்க வைக்காதீர்கள், ஒருநாள் கவனித்துப் பாருங்கள். வாந்தியோ வயிற்றுப்போக்கோ வந்தால் ஓஆர்எஸ் கரைசலைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குடிக்கக் கொடுங்கள். மலத்தில் ரத்தம், கடும் காய்ச்சல், சிறுநீர் குறைவது, குடித்தது எதுவும் தங்காதது, கண் மஞ்சளாவது, குழப்பமாகப் பேசுவது, இதில் எது வந்தாலும் மருத்துவமனைக்குக் கூட்டிப்போங்கள். பார்வை இரண்டிரண்டாகத் தெரிந்தாலோ, இமை தொங்கினாலோ, விழுங்கவும் பேசவும் சிரமப்பட்டாலோ அது பாட்டுலிசமாக இருக்கலாம், நேரே அவசரப் பிரிவுக்குப் போங்கள். என்ன சாப்பிட்டார்கள், எத்தனை மணிக்குச் சாப்பிட்டார்கள், எத்தனை மணிக்குத் தொந்தரவு ஆரம்பித்தது என்பதை ஒரு தாளில் எழுதிக் கொண்டுபோங்கள், எந்த நச்சு என்று ஊகிக்க அந்த மணிக்கணக்கு டாக்டருக்கு ரொம்பவே உதவும்.