கார்டு சாகவில்லை, போர்டு மாற்றப் பணம் கட்டிவிடாதீர்கள்

வீ-பயாஸை (கிராஃபிக்ஸ் கார்டைத் தொடங்கி வைக்கும் மென்பொருள்) ஃப்ளாஷ் செய்யும்போது, அதாவது கார்டின் சிப்பில் புதிதாக எழுதும்போது, பாதியில் நின்றுவிட்டது, லேப்டாப்பில் கிராஃபிக்ஸ் கார்டே தெரியவில்லை, சர்வீஸ் சென்டரில் மதர்போர்டை மாற்றச் சொல்கிறார்கள், வேறு வழி உண்டா என்று கேட்டிருக்கிறீர்கள். உண்டு. 'போர்டு மாத்தணும்' என்ற அதே வார்த்தையை நானும் கேட்டவன். அதனால்தான் வேலையைத் தள்ளி வைத்துவிட்டு எழுதுகிறேன்.

நான் பாலக்காடு மாவட்டம் கொழிஞ்சாம்பாறையில் கல்யாண ஆல்பமும் வீடியோவும் செய்து கொடுப்பவன். இன்ஜினீயர் இல்லை. கோவையில் செகண்ட் ஹேண்டில் வாங்கிய பெரிய லேப்டாப் ஒன்று, அதில் கழற்றி மாட்டக்கூடிய எம்எக்ஸ்எம் வகை என்விடியா கார்டு. வேறொரு கம்பெனி லேப்டாப்பின் வீ-பயாஸைப் போட்டால் கார்டு இன்னும் வேகமாக ஓடும் என்று படித்தேன். ஆடி மாதம், முகூர்த்தம் இல்லை, கையில் நேரம் இருந்தது. வீ-பயாஸை எழுதும் மென்பொருளான என்விஃப்ளாஷ், சப்சிஸ்டம் ஐடி (கார்டு எந்தக் கம்பெனியின் எந்த மாடலுக்கானது என்று காட்டும் எண்) பொருந்தவில்லை என்று எச்சரித்தது. அதையும் மீறித்தான் கொடுத்தேன். 'ஏன் செய்தாய்' என்று கேட்கப் போகிறவர்களுக்கு: தப்புதான், மறுக்கவில்லை. ஆனால் தப்பு செய்தவனுக்கும் சரிசெய்யும் வழி தெரிய வேண்டுமல்லவா?

ஆடியில் பாலக்காட்டுக் கணவாய் வழியாக எங்கள் ஊருக்குள் வரும் காற்றை அனுபவித்தால்தான் தெரியும். எங்கோ தென்னமட்டை கம்பியில் விழுந்திருக்க வேண்டும், கரண்ட் போனது. பழைய பேட்டரி, ஒரு நிமிடம்கூடத் தாங்காது. லேப்டாப் அப்படியே அணைந்துவிட்டது. கரண்ட் வந்ததும் போட்டேன். புராசஸரோடு வரும் இன்டெல் டிஸ்ப்ளே தனியாக இருந்ததால் விண்டோஸ் வந்தது. டிவைஸ் மேனேஜரில் என்விடியா இல்லை. என்விஃப்ளாஷும் கார்டு எதுவும் இல்லை என்றது. ஆவணி முதல் முகூர்த்தத்துக்கு மூன்று கல்யாணம் ஒப்புக்கொண்டிருந்தேன்.

கோவையில் ஒரு சர்வீஸ் சென்டருக்குக் கொண்டுபோனேன். திறந்துகூடப் பார்க்கவில்லை. கார்டு டெட், போர்டோடு மாற்றணும் என்றார்கள். முகவரியைப் பார்த்துவிட்டு, 'நீங்க கேரளா, அங்கேயே காட்டிக்குங்க' என்றார்கள். இதைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. எல்லையில் இருக்கும் வேலந்தாவளம் தாண்டிக் கோவைக்குப் போனால் நாங்கள் கேரளாக்காரர்கள். பாலக்காட்டுப் பக்கம் போனால், தமிழர்களைக் கேலியாகச் சொல்வதுபோல், பாண்டிகள். இங்கே ஓர் அலுவலகத்தில் தமிழில் எழுதிக் கொடுத்த மனுவை, மலையாளத்தில் எழுதிக்கொண்டு வா என்று என் அம்மாவிடமே திருப்பிக் கொடுத்தார்கள். மொழிச் சிறுபான்மைப் பகுதியில் தமிழிலும் கன்னடத்திலும் அரசுக்கு எழுதலாம் என்று 1969ஆம் ஆண்டின் கேரள ஆட்சிமொழிச் சட்டத்திலேயே இருக்கிறது. கவுன்டரில் இருப்பவருக்கு அதை யார் சொல்வது? சரி, உங்கள் கேள்விக்கு வருகிறேன்.

ஃப்ளாஷ் பாதியில் நின்றால் கெடுவது கார்டு அல்ல, ஒரு சிப்புக்குள் இருக்கும் எழுத்து. கார்டைக் கழற்றினால் ஓரத்தில் உளுத்தம்பருப்பு அளவில் எட்டுக் கால் சிப் ஒன்று தெரியும். ஒரு மூலையில் புள்ளி இருக்கும், அதுதான் முதல் கால். என்னுடையது 25 வரிசை என்ற வகை ஃப்ளாஷ் சிப், 2 மெகாபிட், அதாவது 256 கேபி. சிப்பைப் படித்து எழுதும் சிஹெச்341ஏ புரோகிராமரும், சிப்பின் கால்களைக் கவ்வும் எட்டுக் கால் கிளிப்பும் ஆன்லைனில் வாங்கினேன். இரண்டும் சேர்த்து ஐந்நூறு ரூபாய்க்குள்தான் ஆனது. கிளிப்பின் சிவப்பு வயர் புள்ளி இருக்கும் பக்கம் வர வேண்டும்.

முதல் தடவை சிப்பைப் படித்தபோது முழுக்க எஃப்எஃப், அதாவது எதுவும் எழுதாத வெற்றிடம். அடுத்த தடவை வேறு ஏதோ. ஒவ்வொரு தடவையும் ஒவ்வொன்று. பஸ் ஸ்டாண்டு பக்கம் மொபைல் சர்வீஸ் கடை வைத்திருக்கும் தம்பியிடம் போய், சிப்பைக் கழற்றிவிடலாமா என்று கேட்டேன். "கழட்டறது ரெண்டு நிமிசம்ங்ணா. அதுக்கு முன்னாடி காலைச் சுத்தம் பண்ணிப் பாத்துரலாங்க" என்றான். ஐசோப்ரொபைல் ஆல்கஹாலில் பிரஷை நனைத்து ஒவ்வொரு காலாகத் தேய்த்தான். மங்கலான ஒரு படலம் உரிந்து வந்தது. மறுபடி கிளிப் போட்டோம். இரண்டு தடவை படித்து ஒப்பிட்டோம், ஒரே மாதிரி வந்தது. கோப்பைப் பைட் பைட்டாகக் காட்டும் ஹெக்ஸ் எடிட்டரில் திறந்தால் பாதி வரை நான் போட்ட புதுக் கோப்பு, அதற்குக் கீழே கடைசி வரை எஃப்எஃப். கரண்ட் போன இடம் திரையில் அப்படியே தெரிந்தது. கார்டு பிழைத்துவிடும் என்று எனக்கு அப்போதுதான் நம்பிக்கை வந்தது.

ஃப்ளாஷ் செய்வதற்கு முன் பழைய வீ-பயாஸைப் பென்டிரைவில் எடுத்து வைத்திருந்தேன். நான் செய்த ஒரே நல்ல காரியம் அதுதான். அந்தக் கோப்பு சிப்பின் அளவைவிடச் சின்னது. மீதி இடத்தை எஃப்எஃப் கொண்டு நிரப்பிச் சரியாக 2,62,144 பைட் ஆக்கி, சிப்பை அழித்து, எழுதி, எழுதியது சரியா என்று வெரிஃபை கொடுத்தோம். புது தெர்மல் பேஸ்ட் தடவிக் கார்டை மாட்டினேன். டிவைஸ் மேனேஜரில் மஞ்சள் குறிகூட இல்லாமல் வந்து நின்றது. மூன்று கல்யாணத்தையும் அதே கார்டில்தான் முடித்தேன்.

உங்கள் லேப்டாப் எது என்று நீங்கள் எழுதவில்லை. அதனால் சில விஷயம். டிவைஸ் மேனேஜரில் கோட் 43 என்ற பிழையும் மஞ்சள் குறியுமாகவாவது கார்டு தெரிந்தால் சிப்பைத் தொட வேண்டாம், முதலில் என்விஃப்ளாஷிலேயே பழைய கோப்பை எழுதிப் பாருங்கள். கார்டு போர்டோடு பற்றவைத்த வகை என்றால், பல லேப்டாப்களில் வீ-பயாஸுக்குத் தனிச் சிப்பே இருக்காது, சிஸ்டம் பயாஸுக்குள் இருக்கும். அப்போது மீட்க வேண்டியது சிஸ்டம் பயாஸை. பேக்கப் எடுக்கவில்லை என்றால் டெக்பவர்அப் தளத்தின் வீ-பயாஸ் தொகுப்பில் தேடலாம். கார்டின் பெயர் மட்டும் ஒத்துப்போனால் போதாது, சப்சிஸ்டம் ஐடியும் ஒன்றாக இருக்க வேண்டும்.

எல்லாவற்றுக்கும் முன்னால் வோல்டேஜ். என் சிப் 3.3 வோல்ட். புதிய கார்டுகள் பலவற்றில் 1.8 வோல்ட் சிப் வருகிறது, அதற்குத் தனி அடாப்டர் வேண்டும். கறுப்பு நிற சிஹெச்341ஏ பலகைகளில் 3.3க்கு வைத்தாலும் டேட்டா கால்களில் 5 வோல்ட் வருவது தெரிந்த குறை. என் சிப் தாங்கிக்கொண்டது, உங்களுடையதும் தாங்கும் என்று நான் சொல்ல மாட்டேன்.

சிப்பின் மேல் உள்ள எழுத்தைப் படம் எடுத்துக் கீழே போடுங்கள். எத்தனை வோல்ட் என்று பார்த்துச் சொல்கிறேன். அதுவரை கிளிப்பை மாட்டாதீர்கள்.