களிம்பை நிறுத்தினால் சொரியாசிஸ் திரும்புவது ஏன்?

கேள்வி: எனக்கு வயது 36. இரண்டு வருடமாக முழங்கையிலும் முழங்காலிலும் தோல் திட்டுத்திட்டாகத் தடித்து, வெள்ளைச் செதிலாக உதிர்கிறது. தலையிலும் இருக்கிறது. சொரியாசிஸ் என்று சொல்லி மருத்துவர் ஒரு ஸ்டீராய்டு களிம்பு எழுதிக் கொடுத்தார். தடவினால் பத்து நாளில் மறைந்துவிடுகிறது. நிறுத்தினால் ஒரு மாதத்துக்குள் மறுபடி அதே இடத்தில் வந்துவிடுகிறது. மருந்து சரியில்லையா? அடியோடு போக்க வழி இருக்கிறதா? என் நான்கு வயது மகளைத் தூக்கவே பயமாக இருக்கிறது. கணினி வேலையாலோ என்னவோ, இப்போது காலையில் விரல்களை மடக்குவதும் சிரமமாக இருக்கிறது.

பதில்: முதலில் மகள் விஷயம். தாராளமாகத் தூக்குங்கள், பக்கத்தில் படுக்க வைத்துக்கொள்ளுங்கள். சொரியாசிஸ் தொற்றாது. தொட்டாலும், துண்டையும் சீப்பையும் பகிர்ந்தாலும், உதிரும் செதில் மேலே பட்டாலும் ஒட்டாது. அது கிருமியால் வரும் நோயே இல்லை. இந்தப் பயம் பழையது. பல நூற்றாண்டுகளாக இதைத் தொழுநோயோடு போட்டுக் குழப்பினார்கள். இரண்டும் வேறு வேறு என்று வியன்னாவில் தோல் மருத்துவர் ஃபெர்டினாண்ட் ஹெப்ரா தெளிவாகப் பிரித்துக் காட்டியதே 1841-இல்தான். பரம்பரையாக வருமா என்றால், பெற்றோரில் ஒருவருக்கு இருக்கும்போது பிள்ளைக்கான வாய்ப்பு ஓரளவு கூடும். ஆனாலும் பெரும்பாலான பிள்ளைகளுக்கு வருவதில்லை.

சரி, களிம்புக்கு வருவோம். பத்து நாளில் மறைகிறது என்றால் மருந்து வேலை செய்கிறது என்றுதான் அர்த்தம். சிக்கல் அதை நிறுத்தும் விதத்தில் இருக்கிறது.

தோலின் மேலடுக்கு புதிதாக மாறச் சாதாரணமாக 28 நாள் அளவில் ஆகும். சொரியாசிஸ் திட்டில் அதே வேலை நான்கைந்து நாளில் நடந்துவிடுகிறது. பக்குவப்படாத செல்கள் உதிரவும் நேரமில்லாமல் ஒன்றன்மேல் ஒன்றாகக் குவிகின்றன; நீங்கள் பார்க்கும் செதில் அதுதான். தோலை இப்படி விரட்டுவது உங்கள் நோய் எதிர்ப்பு மண்டலத்தின் டி செல்கள். ஐஎல்-23, ஐஎல்-17 என்ற புரதங்கள் வழியாக அவை ஓயாமல் அழற்சியைத் தூண்டிக்கொண்டே இருக்கின்றன. ஸ்டீராய்டு அந்த அழற்சியை அடக்குகிறது, திட்டு மறைகிறது. ஆனால் அந்த டி செல்களில் ஒரு பகுதி அதே இடத்தில், பார்வைக்கு நல்லதாகிவிட்ட தோலுக்குள்ளேயே தங்கிவிடுகிறது. மருந்து சட்டென்று நின்றால் பழைய வேலையைப் பழைய இடத்திலேயே தொடங்குகிறது. உங்கள் முழங்கை உங்களை ஏமாற்றவில்லை.

அடியோடு போக்கும் மருந்து இன்றைக்கு இல்லை. மாதக்கணக்கில், சிலருக்கு வருடக்கணக்கில், ஒரு திட்டுகூட இல்லாமல் இருக்க முடியும். அதை இலக்காக வைத்துக்கொள்ளுங்கள். ‘நிரந்தரக் குணம்’ என்று உத்தரவாதம் கொடுத்து, உள்ளே என்ன இருக்கிறது என்று சொல்லாத பொடியையோ மாத்திரையையோ யாராவது நீட்டினால் வாங்காதீர்கள். அப்படிப்பட்ட சிலவற்றில் ஸ்டீராய்டு கலந்திருக்கும். வாய்வழி ஸ்டீராய்டைச் சாப்பிட்டுத் திடீரென நிறுத்தும்போது, உடம்பு முழுவதும் சிவந்து உரிகிற நிலையோ சீழ்க் கொப்புளங்களோ வந்து மருத்துவமனையில் சேர வேண்டியதாகிவிடலாம்.

களிம்பைப் பொறுத்தவரை மருத்துவரிடம் கேட்க வேண்டியது ஒரு ‘பராமரிப்புத் திட்டம்’. திட்டு தட்டையானதும் ஒரேயடியாக விட்டுவிடாமல், பழைய இடங்களில் வாரம் இரண்டு நாள் மட்டும் தடவுவது ஒரு வழி. கால்சிபோட்ரியால் என்ற வைட்டமின் டி வகை மருந்தைத் தனியாகவோ ஸ்டீராய்டோடு சேர்த்தோ தொடர்வது இன்னொரு வழி. வீரியமான ஸ்டீராய்டை ஒரே இடத்தில் எட்டு வாரத்துக்கு மேல் தினமும் போடக் கூடாது. தோல் மெலிந்து வரி விழும். முகத்திலும் அக்குள், தொடையிடுக்கிலும் மருத்துவர் சொல்லாமல் போடவே வேண்டாம். அளவுக்கு ஒரு கணக்கு இருக்கிறது: ஆள்காட்டி விரலின் நுனியிலிருந்து முதல் மடிப்பு வரை பிதுக்கினால் சுமார் அரை கிராம். அது விரல்களோடு சேர்த்து இரண்டு உள்ளங்கை அளவு இடத்துக்குப் போதும்.

நிறைய பேர் செய்யும் தவறு ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். மாநிறத் தோலிலும் கறுத்த தோலிலும் திட்டு ஆறியபின் கருமையாகவோ வெளிறியோ ஒரு தடம் சில மாதங்கள் நிற்கும். அது நோய் இல்லை. அதைப் போக்க தினமும் ஸ்டீராய்டைத் தேய்த்துக்கொண்டே இருப்பார்கள், தோல்தான் கெடும். விரலால் தடவிப் பாருங்கள். தடிப்பில்லாமல் வழவழப்பாக இருந்தால் தினமும் தடவும் கட்டம் முடிந்தது. தலையில் இதற்கு நேர்மாறான பிரச்சினை. தடித்த செதில் மேல் தடவினால் மருந்து தோலுக்கே போய்ச் சேராது. சாலிசிலிக் அமிலம் உள்ள மருந்தால் செதிலை முதலில் ஊற வைத்துத் தளர்த்திவிட்டு அப்புறம் மருந்தைப் போட வேண்டும். பிய்த்து எடுக்காதீர்கள். சொரியாசிஸ் உள்ளவர்களுக்குத் தோலில் காயம் பட்ட இடத்திலேயே புதுத் திட்டு முளைப்பது உண்டு. முதலில் கவனித்துச் சொன்ன மருத்துவரின் பெயரால் அதைக் கோப்னர் விளைவு என்கிறோம்.

இவ்வளவு சொன்னாலும், உங்கள் கடிதத்தில் என்னை நிறுத்தியது கடைசி வரிதான். விரல்கள்.

சொரியாசிஸ் உள்ளவர்களில் கணிசமானவர்களுக்கு, சில கணக்குகளின்படி பத்தில் மூன்று பேர் வரை, மூட்டிலும் அழற்சி வருகிறது. பெரும்பாலும் தோலில் தொடங்கிச் சில வருடம் கழித்துத்தான் மூட்டுக்கு வரும் என்பதால் பலரும் இரண்டையும் முடிச்சுப் போடுவதில்லை. கணினி வேலையால் வரும் வலி பொதுவாக வேலை செய்யச் செய்யக் கூடும், ஓய்வில் குறையும். அழற்சி வலி தலைகீழ்: காலையில் அரை மணி நேரத்துக்கு மேல் விறைப்பு நிற்கும், விரலை இயக்க இயக்கத் தளரும். நகங்களையும் பாருங்கள். ஊசியால் குத்தியது போன்ற குழிகள், நகம் சதையை விட்டுத் தூக்குவது, எண்ணெய்ச் சொட்டு போன்ற நிறம் இருக்கிறதா? ஒரு விரல் முழுவதும் உப்பியிருக்கிறதா? குதிகாலில் வலி உண்டா? இவற்றில் ஏதாவது இருந்தால் தள்ளிப்போடாமல் மூட்டுவாத மருத்துவரைப் பாருங்கள். இரத்தத்தில் ருமட்டாய்டு பரிசோதனை ‘நெகட்டிவ்’ என்று வந்தால் நிம்மதியாகிவிடாதீர்கள், இந்த நோயில் அது பெரும்பாலும் நெகட்டிவாகவே இருக்கும். சில மாதத் தாமதத்திலேயே எலும்பு அரிக்கலாம். அரித்தது திரும்பாது.

மூட்டிலும் இருப்பது உறுதியானால் நீங்கள் கேட்ட கேள்வியே மாறிவிடும். களிம்பு மூட்டுக்குப் போகாது. மெத்தோட்ரெக்சேட் போன்ற மாத்திரையோ, அழற்சியைத் தூண்டும் டிஎன்எஃப், ஐஎல்-17 ஆகிய புரதங்களைத் தடுக்கும் உயிரியல் ஊசியோ தேவைப்படலாம். அவை தோலையும் மூட்டையும் சேர்த்தே கவனிக்கும். ஊசி தொடங்கும் முன் மறைந்திருக்கும் காசநோய் இருக்கிறதா என்று சோதிப்பார்கள், பயப்பட வேண்டாம். மெத்தோட்ரெக்சேட் வாரம் ஒரு நாள் மருந்து. தினமும் சாப்பிட்டு உயிரை விட்டவர்கள் இருக்கிறார்கள், ஆகவே எந்தக் கிழமை என்பதை அட்டையிலேயே எழுதி வையுங்கள். அடுத்த குழந்தைக்குத் திட்டமிருந்தால் மருந்து எழுதும் முன்பே சொல்லிவிடுங்கள்.

மருத்துவரைப் பார்க்கும்வரை ஒரு வேலை செய்யுங்கள். தினமும் எழுந்த நேரத்தையும் விரல்கள் முழுசாக மடங்கிய நேரத்தையும் குறித்து வையுங்கள். எந்தெந்த விரல் என்பதையும் எழுதுங்கள், வீங்கிய அன்று ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள். இரத்த அழுத்தத்துக்கோ மனநிலைக்கோ மாத்திரை சாப்பிடுகிறீர்கள் என்றால் அந்தச் சீட்டையும் கொண்டு போங்கள். மனநிலைக்குக் கொடுக்கும் லித்தியமும், இரத்த அழுத்தத்துக்குக் கொடுக்கும் சில பீட்டா பிளாக்கர்களும் சொரியாசிஸைக் கிளறிவிடும்.