கேள்வி – பதில்: மூன்று பேர் மட்டும் பேசும் கூட்டம்

கேள்வி: எங்கள் குடியிருப்போர் சங்கக் கூட்டத்தில் எப்போதும் அதே மூன்று பேர்தான் பேசுகிறார்கள். அயர்லாந்தில் சாதாரண மக்களைக் கூட்டிச் சட்டம் பற்றி விவாதித்தபோது மேசைக்கு ஒரு நெறியாளர் இருந்தாராமே, அவர் தலைவரா, நடுவரா?
– ஒரு வாசகி, மதுரை

பதில்: இரண்டும் இல்லை. முதலில் டிவி விவாத நெறியாளரை மறந்துவிடுங்கள். சண்டை மூட்டிவிடுவது அவர் பிழைப்பு, இவருக்கு அது ஆகவே ஆகாது. அயர்லாந்தில் 2016-ல் தொடங்கிய குடிமக்கள் பேரவையில் குலுக்கல் போலத் தேர்ந்தெடுத்த 99 பேர். தலைவர், உச்ச நீதிமன்ற நீதிபதி மேரி லஃபாய். கருக்கலைப்புத் தடை பற்றிப் பேச, டப்ளின் பக்கம் மாலஹைடில் ஒரு ஓட்டலில் வார இறுதிகளில் கூடினார்கள். வட்ட மேசைக்கு ஏழெட்டுப் பேர், கூடவே ஒரு நெறியாளர், குறிப்பெடுக்க ஒருவர். நிபுணர்கள் பேசி முடித்ததும் மேசைப் பேச்சு ஆரம்பிக்கும். நெறியாளர் தன் கருத்தை வாய் திறந்து சொல்லக் கூடாது. யாரும் மேசையை வளைத்துப்போடாமல், எல்லாரும் ஒரு வார்த்தையாவது பேசும்படி பார்த்துக்கொள்வதுதான் வேலை. கடைசியில் அவர்கள் ரகசியமாக வாக்களித்துச் சொன்ன பரிந்துரைதான் 2018 மே 25 பொதுவாக்கெடுப்புக்கு வழிவிட்டது. தடையை நீக்க 66.4 சதவீதம் பேர் வாக்களித்தார்கள்.

கேட்க லேசாகத்தான் இருக்கிறது. நானும் ஒரு தெருக் கூட்டத்தில் இந்த வேலையைப் பார்த்துச் சொதப்பியவன். அதுவரை வாயே திறக்காத ஒரு அம்மா, "தண்ணி லாரி வர்ற நேரத்துல நாங்க வேலைக்குப் போயிடுறோம்" என்றார். நான் பெரிய புத்திசாலி மாதிரி, "அதாவது குடிநீர்ப் பற்றாக்குறை" என்று சுருக்க, அதுவே நோட்டில் ஏறிவிட்டது. அவர் சொன்னது நேரத்தைப் பற்றி, தண்ணீர் போதாததைப் பற்றி இல்லை. அப்புறம் கடைசி வரை அவர் பேசவே இல்லை. சத்தமாகப் பேசுகிறவரைக்கூடச் சமாளித்துவிடலாம், நெறியாளர் வாயிலிருந்து வரும் அந்த 'அதாவது'தான் ஆபத்து.

கேள்வி: சரி, எங்கள் மூவரை என்ன செய்வது?

பதில்: பேச்சைத் தொடங்கும் முன் எல்லாருக்கும் ஒரு துண்டுச் சீட்டு கொடுத்து இரண்டு நிமிடம் எழுத விடுங்கள், எழுத வராதவர் பக்கத்தில் இருப்பவரிடம் சொல்லட்டும், அப்புறம் வரிசையாகச் சுற்றி வாருங்கள். மூவரில் அதிகம் பேசுகிறவர் கையில் நோட்டைக் கொடுத்துவிடுங்கள். எழுதுகிறவருக்குப் பேச நேரம் கிடைக்காது. ஆனால் எழுதியதைக் கூட்டம் கலைவதற்குள் சத்தமாக வாசிக்கச் சொல்லுங்கள், சொன்னவரே சரிபார்க்கட்டும்.